புதுப்பிப்பு: பாலக்கோட்டில் தக்கைப்பூண்டு விதை மானியத்தில் கிடைத்தது

தக்காளி எடுத்த நிலத்தில் விதைக்க, தக்கைப்பூண்டு மாதிரி பசுந்தாள் உரப் பயிர் (வளர்த்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பயிர்) விதைக்கு மானியம் உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தமிழக அரசின் உழவன் செயலியில் பதிந்துவிட்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் 50 சதவீத மானியம். ஆதார், சிட்டா கேட்டார்கள். மானியத்தை விலையிலேயே கழித்துவிட்டார்கள். மீதிப் பணத்தோடு போங்கள்.

ஏக்கருக்கு 20 கிலோ விதைத்தேன். எதிர்பாராதது வேர்தான்! செடியைப் பிடுங்கினால் கொத்துக் கொத்தாக முடிச்சு, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம், 45 நாளில் பூ எடுக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள். முந்திப் பூத்த வரப்போரத்தில் தண்டு நாராகி ரோட்டவேட்டரில் சுற்றிக்கொண்டது.