பேனல் வேல்யூவர்கள் 2026-இல் என்ன செய்யப்போகிறீர்கள்? தொழில் மாற்றலாமா என்று யோசிக்கிறேன்

இட்டேரி_சிவில் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். சிவில் முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் கட்டட ஒப்பந்த வேலை பார்த்தேன், அப்புறம் வங்கி மதிப்பீட்டுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டேன். இரண்டு வங்கிகளின் பேனலில் (அங்கீகரித்த மதிப்பீட்டாளர் பட்டியலில்) இருக்கிறேன், மீதி நேரத்தில் ஒரு ஏஜென்சி மூலமாக வீட்டுக்கடன் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட். பல்லடம், அவிநாசி, காங்கயம் என்று தினமும் வண்டியில்தான் பொழுது போகிறது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாச்சு.

ஏஜென்சி வேலையில் பெட்ரோல் போகக் கையில் நிற்பது ஒரு ரிப்போர்ட்டுக்கு ஐந்நூறு சொச்சம். காலையில் கேஸ் வரும், சாயங்காலத்துக்குள் போட்டோ, ரூட் மேப், ஒப்பீட்டு விலை எல்லாம் சேர்த்து அனுப்பியாக வேண்டும். பேனல் வேலையில் கட்டணம் பரவாயில்லை, ஆனால் மேனேஜர் மாறினால் வேலையும் மாறிவிடும்.

போன மாதம் ஒரு இடம் பார்க்கப் போனேன். பத்திரத்தில் வடக்கே இன்னார் காடு, கிழக்கே தென்வடல் இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற தடம்) என்று எல்லை போட்டிருக்கிறது. நேரில் போனால் காடும் இல்லை இட்டேரியும் இல்லை, சுற்றிலும் பனியன் கம்பெனி குடோன். கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி என்று பத்திரம் சொல்கிறது, லேசர் வைத்து அளந்தால் தென்வடல் 56-தான் நிற்கிறது. நாலடி ரோட்டோடு போய்விட்டது. பட்டா இன்னும் கூட்டுப்பட்டா. பத்திரமா நேர் அளவா, எது குறைவோ அதைத்தானே எடுக்க வேண்டும், 2,240 சதுர அடி என்று போட்டேன். உடனே கிளையிலிருந்து போன், "பத்திரத்தில் இருக்கிற 2,400-ஐயே போட்டுடுங்களேன் சார், பார்ட்டி நல்ல பார்ட்டி" என்று. மாற்றவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கிளையிலிருந்து கேஸும் வரவில்லை.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு இங்கே ஏற்றுமதிக் கம்பெனிகள் பலவற்றுக்கு மூச்சு முட்டுகிறது. அவர்கள் அடமானம் வைத்த ஷெட், காலியிடங்களை எல்லாம் மறுமதிப்பீடு செய்யச் சொல்லி வருகிறது. விற்பனையே நடக்காத தெருவில் சந்தை மதிப்பு என்ன என்று கேட்டால் எதை வைத்துச் சொல்வது?

மனதில் மூன்று வழி ஓடுகிறது. ஐபிபிஐ (இந்திய திவால் வாரியம்) தேர்வு எழுதி ஆர்.வி., அதாவது பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆவது, வருமான வரி ரிப்போர்ட் பக்கம் போவது, இல்லையென்றால் ஏதாவது கம்பெனியில் டெக்னிக்கல் மேனேஜராக மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுவது. திரும்பக் கட்டட வேலைக்குப் போக உடம்பு ஒத்துக்கொள்ளாது. இதில் எதையாவது செய்து பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்று, செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் வேல்யூவர் பதிவு வாங்கி மதுரையில் உட்கார்ந்திருப்பவன். செல்வ வரியை 2015 பட்ஜெட்டிலேயே எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தச் சட்டத்தில் வாங்கிய வேல்யூவர் பதிவை வைத்து இன்னும் பிழைப்பு ஓடுகிறது. நம் நாட்டில் இப்படியும் நடக்கும்.

வேலையில் பாதிக்கு மேல் 1.4.2001 மதிப்புதான். அதற்கு முன்பே வாங்கிய அல்லது அப்பா வழியில் வந்த சொத்தை விற்கிறவர்களுக்கு அந்தத் தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலையில் இண்டெக்சேஷனை (விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை ஏற்றிக்கொள்வதை) எடுத்து லாபத்துக்கு வரி 12.5 சதவீதம் என்று ஆக்கியதும் இனி யார் நம்மிடம் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் 23.7.2024-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும், இங்கே வசிக்கும் தனிநபரும் கூட்டுக் குடும்பமும் பழைய 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம் என்று தளர்த்தினார்கள். வேலை அப்படியே திரும்பி வந்தது, ஏனென்றால் ஆடிட்டர் இப்போது இரண்டு கணக்கும் போட வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2001-இல் 10 லட்சம் மதிப்பு, 2025-26 நிதியாண்டில் 60 லட்சத்துக்கு விற்றார் என்று வைத்துக்கொள். அந்த ஆண்டின் குறியீட்டு எண் 376 (2001-க்கு 100), ஆக அடக்கம் 37.6 லட்சம், லாபம் 22.4, அதில் 20 சதவீதம் 4.48 லட்சம். புது வழியில் 50 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 6.25 லட்சம். பழைய வழிதான் லாபம். அதே 2001 மதிப்பு 2 லட்சம் என்றால் தலைகீழ், புது வழியில் 7.25 லட்சம், பழைய வழியில் பத்து லட்சத்துக்கு மேல் போய்விடும். அதனால் அந்த ஒற்றை எண்ணில்தான் எல்லாம் நிற்கிறது. அதை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, 2001 ஏப்ரல் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020 நிதிச் சட்டத்தில் கட்டிவிட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வருடத்து மதிப்பை எழுதி வாங்கிக் கோப்பில் வை. அந்தத் தாள் இல்லாமல் கையெழுத்துப் போடாதே.

இது போகப் பாகப்பிரிவினை, கோர்ட் கமிஷனருக்குத் துணையாகப் போவது, வெளிநாடு படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சொத்து மதிப்புச் சான்று என்று சில்லறை வேலைகள் வரும். இதற்கெல்லாம் ஆடிட்டர்களும் வக்கீல்களும்தான் ஆள் அனுப்புவார்கள். வங்கி மேனேஜரைப் பார்க்கிற நேரத்தில் பாதியை ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுத்துப் பார்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன, பழைய ரிப்போர்ட் ஃபார்மேட்டைத் தூக்கி அப்படியே ஒட்டாதே. அடுத்த வருடம் என் திட்டம் அதைப் படிப்பதும் வலது கண்ணுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்துகொள்வதும்தான்.

மலைக்கோட்டை_ஆர்வி

ஐபிபிஐ பற்றி நான் சொல்கிறேன், 'நிலமும் கட்டடமும்' பிரிவில் பதிவு வைத்திருக்கிறேன்.

சிவில் டிகிரியும் ஐந்து வருட அனுபவமும் இருந்தால் தகுதி. ஆர்.வி.ஓ. (மதிப்பீட்டாளர் அமைப்பு) ஒன்றில் சேர்ந்து 50 மணி நேர வகுப்பு, அப்புறம் தேர்வு. 60 மார்க் எடுக்க வேண்டும், தப்பு விடைக்கு மார்க் குறையும். பாடத்தில் நமக்குத் தெரிந்த கட்டட விஷயம் ஒரு பங்குதான். பொருளாதாரம், கணக்கு, சொத்து மாற்றச் சட்டம், 2013 நிலம் எடுப்புச் சட்டம், திவால் சட்டம் என்று மீதி முழுக்க வேறு. சைட்டில் இருபது வருடம் நின்றவர்கள் எல்லாம் டிஸ்கவுண்ட் ரேட்டில் (வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கிற விகிதம்) விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வை விட அதற்குப் பிறகுதான் கஷ்டம். 2019 பிப்ரவரியில் இருந்து கம்பெனி சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் பதிவு பெற்றவர்கள்தான் மதிப்பிட முடியும் என்பதால் வேலை கொட்டும் என்று எல்லோரும் பதிவு வாங்கினோம். திவால் கேஸ் ஒன்றுக்கு ரெசல்யூஷன் புரொஃபஷனல் (ஆர்.பி., அந்தத் திவால் நடைமுறையை நடத்துகிறவர்) ஒரு பிரிவுக்கு இரண்டு வேல்யூவரைப் போடுவார், அவர் யாரென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொட்டேஷனில் போட்டி, பணம் வர மாதக் கணக்கில் ஆகும். திண்டுக்கல் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனேன். மெஷின் எல்லாம் வேறு பிரிவு, அதற்கு வேறு வேல்யூவர். எனக்கு நிலமும் ஷெட்டும். ஆஸ்பெஸ்டாஸ் பாதி இல்லை, உள்ளே சீமைக்கருவேலம் ஆளுயரம், வாட்ச்மேனுக்குச் சம்பள பாக்கி என்பதால் சாவி கொடுக்க மாட்டேன் என்று அரை நாள் வாசலில் நிறுத்திவிட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது. நியாய மதிப்பு ஒன்று, கலைப்பு மதிப்பு (கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைப்பது) ஒன்று தர வேண்டும். இரண்டு வேல்யூவரின் கலைப்பு மதிப்புக்கும் நடுவே 25 சதவீதம் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆளைப் போடலாம். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்குத்தாள் வேண்டும், "லோக்கல் விசாரணையில் தெரிந்தது" என்ற நம்முடைய வழக்கமான வரி அங்கே செல்லாது.

செய்யலாமா என்றால் செய்யலாம். ஆனால் பேனலை விட்டுவிட்டு இதை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பூரில் இருக்கிறீர்கள், கோவையில் ஆர்.பி.-க்கள் இருக்கிறார்கள், முதல் வருடம் அறிமுகத்துக்கே போகும். நான் வரும் வருடம் மெஷினரி படித்த ஒருவரோடு சேர்ந்து இரண்டு பிரிவுக்கும் ஒரே கொட்டேஷன் கொடுக்கப் பார்க்கிறேன்.

ஓஎம்ஆர்_டெக்னிக்கல்

அண்ணா, நான் மூன்றாவது வழியில் போனவள். பேனலில் இருந்து விலகி ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் சென்னையில் டெக்னிக்கலில் இருக்கிறேன். இப்போது உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிற வேலை.

உள்ளே வந்த பிறகுதான் கிளை ஏன் அப்படி நெருக்குகிறது என்று புரிந்தது. ரிசர்வ் வங்கி வரம்பு 30 லட்சம் வரை கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை (10 லட்சத்துக்கு உட்பட்ட சின்ன வீடு தவிர) மதிப்பில் சேர்க்க முடியாது. 50 லட்சம் வீடு என்றால் 10 லட்சம் கைப்பணம், அதற்கு மேல் பதிவுக்கு நாலரை லட்சம். ஒரு பங்கைப் பத்திரத்தில் காட்டாமல் கையில் வாங்குகிற விற்பனையாளர் என்றால் இன்னும் மோசம். அத்தனை பள்ளத்தையும் நிரப்ப எல்லோருக்கும் தெரிகிற ஒரே இடம் நம் ரிப்போர்ட்டில் இருக்கிற சதுர அடி விலை. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்" என்பது அங்கே இருந்துதான் கிளம்புகிறது. நாளைக்குக் கணக்கு வராக்கடனாகிப் போலி என்று வந்தால் ஐபிஏ (இந்திய வங்கிகள் சங்கம்) எச்சரிக்கைப் பட்டியலில் ஏறுவது நம் பெயர். நீங்கள் 2,240-இல் நின்றது சரிதான் அண்ணா.

சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, பி.எஃப். இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போன் அடிப்பதில்லை. ஆனால் மாதக் கடைசியில் டிஸ்பர்ஸ்மென்ட் டார்கெட் (கடன் கொடுக்கும் இலக்கு) என்று வந்தால் இங்கேயும் அதே நெருக்கடிதான், என்ன, இப்போது அதே ஆபீசில் பக்கத்து மேஜையில் இருந்து வருகிறது. 2025-இல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 6.5-இல் இருந்து 5.25-க்கு இறங்கியதில் டேக்ஓவர் கேஸ் (வேறு வங்கிக் கடனை இங்கே மாற்றுவது) அதிகம், அதனால் எடுக்கவும் ஆள் தேடுகிறார்கள். உங்கள் அனுபவத்துக்குக் கோவை கிளஸ்டரில் முயற்சி செய்யலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், டெக்னிக்கல் யாருக்குக் கீழே வருகிறது, சேல்ஸ் தலைமைக்கா, ரிஸ்க் தலைமைக்கா. சேல்ஸ் என்றால் போகாதீர்கள்.

எனக்கு 2026 திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆர்.வி. தேர்வுக்குப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், பிரித்தபாடில்லை.

சேலத்து_சைட்

நான் டிப்ளமோ. ஏஜென்சியில் சைட் விசிட் எடுக்கிறேன், அளப்பது, போட்டோ, அக்கம்பக்கம் விலை கேட்பது எல்லாம் நான், கையெழுத்து வேறொருவர், அவர் அந்த ஊருக்கே வந்தது இல்லை. டிப்ளமோவுக்கு ஐபிபிஐ வழி இருக்கிறதா அண்ணா? நகை அப்ரைசர் வேலைக்குப் போய்விடு என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்குத் தங்கம் பார்த்தால் பித்தளையும் தெரியாது.

மலைக்கோட்டை_ஆர்வி

@சேலத்து_சைட் நேரடியாக வழி இல்லை தம்பி. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. சேர்ந்துவிடு. அதுவரை நீ அளந்த ஒவ்வொரு இடத்துக்கும் உன் குறிப்பேட்டில் தேதி, சர்வே எண், கேட்ட விலை, சொன்னது யார் என்று எழுதி வை. ஐந்தாறு வருடம் கழித்து அந்த நோட்டு எந்த சாஃப்ட்வேரை விடவும் உதவும். அப்புறம், நீ பார்க்காத சைட்டுக்கு உன் பெயரில் ஜிபிஎஸ் போட்டோ போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

இட்டேரி_சிவில் (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றிங்க. வைகைக்கரை ஐயா சொன்ன கணக்கை நேற்று எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் காட்டினேன், அவரிடமே இரண்டு 2001 கேஸ் ஆளில்லாமல் கிடக்கிறதாம். ஆனால் 34ஏபி பதிவு என்னிடம் இல்லை, அதற்குப் பத்து வருடத் தொழில் அனுபவத்தையும், தொழில் வருமானத்தையும் காட்ட வேண்டும் என்கிறார். பழைய ரிட்டர்னை எல்லாம் தேடி எடுக்கிறேன்.

ஏஜென்சி வேலையை மார்ச்சோடு நிறுத்திவிடுவேன், பேனலை விடப்போவதில்லை. ஆர்.வி. வகுப்பை ஆன்லைனில் சனி, ஞாயிறு எடுக்கிற ஆர்.வி.ஓ. எது என்று திருச்சி சார் தனிச்செய்தியில் சொன்னால் நல்லது. மேனேஜர் வேலைக்கு விண்ணப்பம் போடுவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது, பாப்பா பிளஸ் டூ, இப்போது கோவைக்கு வீடு மாற்ற முடியாது.

ஓஎம்ஆர்_டெக்னிக்கல்

வீடு மாற்ற வேண்டியதில்லை அண்ணா, திருப்பூர், ஈரோடு கிளைகளைப் பார்க்கிற ஆளாகவே எடுப்பார்கள். ஏப்ரலில்தான் புது ஆட்களுக்கு அனுமதி வரும், பிப்ரவரியில் ரெஸ்யூமே அனுப்பி வையுங்கள். பாப்பா பரீட்சை முடிகிற நேரத்துக்கு இன்டர்வியூ வரும்.