லாட் 417 மெரூன் உல்லன், கோவையில் எங்கே கிடைக்கும்?

எங்கள் பின்னல் குழு போடும் பெரியவர் ஸ்வெட்டருக்கு நூல் தீர்ந்துவிட்டது. லாட் என்பது ஒரே சாயத்தொட்டியில் தோய்த்த நூல் தொகுதி. அக்ரிலிக், 4 பிளை (நாலு இழை), 50 கிராம் உருண்டை, 4 மி.மீ. ஊசி. முன்பக்கமும் முதுகும் முடிந்தன. இரண்டு கைக்கும் 3 உருண்டை வேண்டும். மிச்சமுள்ள அரை உருண்டை கழுத்துப்பட்டிக்கே சரியாகப் போகும்.

ஊட்டி கமர்ஷியல் ரோடு, குன்னூர் பெட்ஃபோர்டு கடைகளில் ஒரு வாரமாகத் தேடியாச்சு. இருப்பது லாட் 422 மட்டும். டியூப்லைட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். வெயிலில் பிடித்தால் செங்கல் நிறம் அடிக்கிறது. சாயத்தொட்டி மாறினால் அப்படித்தான்.

பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று சாம்பிள் போட்டோம். ஸ்டாக்கினெட்டில் (வழவழப்பான சாதாரணப் பின்னலில்) மறைகிறது, மணிக்கட்டு ரிப்பில் (மேடு பள்ளமாக இழுபடும் பின்னலில்) கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கிறது.

கோவை டவுன்ஹால் பக்கம் பழைய லாட் வைத்திருக்கும் உல்லன் கடை எது?