மறு: ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் சோதனை எண்ணான ஐ.என்.ஆருக்குத் தமிழில் என்ன? (நோயாளிக் கையேடு நாளை மாலை அச்சுக்கு)

> 'குருதி உறைவெண்' என்று போட்டுவிடுங்கள். சுருக்கமாகவும் தூய தமிழாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா, ஆனால் பொருள் தலைகீழ். உறைவெண் கூடினால் ரத்தம் கூடுதலாக உறைகிறது என்றுதானே, உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் நினைப்பார்? ஐ.என்.ஆர். ஏற ஏற உறைய நேரமாகிறது, ரத்தக்கசிவு பயம் கூடுகிறது. கால் நாளத்தில் ரத்தக்கட்டி வந்தவருக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். 5 வந்ததும் 'அதிகமாக உறைகிறதாம்' என்று அவரே இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டால் யார் பொறுப்பு?

> அப்படியானால் 'உறைநேரம்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். 'உறைகாலம்' என்றாலும் வலி மிகாது; 'உறைக்காலம்' என்று எழுதினால் தலையணை உறையின் காலமாகிவிடும்.

இலக்கணம் சரி. ஆனால் நேரம் என்பது விநாடியில் வருவது. ஐ.என்.ஆருக்கு அடிப்படையான புரோத்ராம்பின் நேரம் (ரத்தம் உறைய ஆகும் விநாடிகள்) பார்க்க ஒவ்வோர் ஆய்வகமும் சேர்க்கும் திராம்போபிளாஸ்டின் என்ற உறைதூண்டியின் வீரியம் வேறு, அதனால் ஒரே ரத்தத்துக்கு இங்கே ஒரு விநாடிக் கணக்கு, அங்கே ஒன்று. அதைச் சமன்செய்யத்தான் நோயாளியின் நேரத்தை இயல்பு நேரத்தால் வகுத்து, வருவதை, அந்த உறைதூண்டியின் வீரியத்துக்கேற்ற ஐ.எஸ்.ஐ. என்ற அடுக்குக்கு உயர்த்துகிறார்கள். கடைசியில் அலகே கிடையாது. 'உறைநேர'த்தை, உறைவதைத் தடுக்கும் ஊசிமருந்தான ஹெப்பாரினுக்குப் பார்க்கும் ஏ.பி.டி.டி. என்ற வேறொரு சோதனைக்கு வைத்துக்கொள்வோம், அது விநாடிதான்.

என் பரிந்துரை 'உறைதாமத விகிதம்'.

---

> உறைதாமத விகிதம்

இரண்டு வடசொல்லை ஒட்டவைத்து அதற்குத் தமிழ்க் கையேடு என்று பெயரா? 'உறைசுணக்கத் தகவு' என்னுங்கள். தகவு என்றால் கணக்கில் விகிதம்; 'தக்கார் தகவிலர்' குறளில் தகவு நடுவுநிலைமை, அதே குறளில் எச்சமும் (கணக்கில் மீதி) வருகிறது, கணக்குக்கு இதைவிடத் தோதான குறள் உண்டா!

---

குறள் இருக்கட்டும். நோயாளி கையில் இருக்கும் ஆய்வகத் தாளில் ஐ.என்.ஆர். என்றுதான் அச்சாகியிருக்கும். அதில் சுணக்கத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்? மருத்துவர் வாயிலும் அதே மூன்றெழுத்துதான். ஐ.என்.ஆர். என்றே எழுதி, 'எண் கூடினால் ரத்தம் மெதுவாக உறையும்' என்று பக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

---

சரி, மணி பன்னிரண்டாகிறது. 'ஐ.என்.ஆர். (உறைதாமத விகிதம்)', கீழே அந்த ஒரு வரி. மறுத்தவர் ஒருவர்தான், அனுப்பிவிடுகிறேன்.

---

அந்த ஒருவர் இன்னும் மறுக்கிறார். 'ரத்த'த்துக்கு முன்னால் ஓர் இகரமாவது போடுங்கள். அப்புறம், ஹெப்பாரின் பக்கத்தில் பத்தாம் காரணி எதிர்ப்பளவு (ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை) என்று ஒன்று வருமே, அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?