வியாழக்கிழமை ரூட் கேனால்: சாப்பிட்டுப் போகலாமா?

கயல்: கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் (வேர்ச் சிகிச்சை). அம்மா வெறும் வயிற்றோடு போகச் சொல்கிறார். சரியா?

மீனாட்சி: வேண்டாம்மா, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. மரத்துப்போக ஊசி மட்டும்தான், மயக்க மருந்து இல்லை. வந்தபின் மூன்று மணி நேரம் எனக்கு உதடு பலகை மாதிரி இருந்தது. இட்லியோடு கன்னத்தையும் கடித்துப் புண்ணாகிவிட்டது. மரப்பு விடும்வரை சூடான காபிகூட வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுத்தால் முன்பே சொல்லிவிடு, நீயாக நிறுத்தாதே.

செல்வம்: சில நாள் கடித்தால் வலிக்கும். எனக்குப் பல்லை அடைத்த இடம் சற்று உயரமாக இருந்தது, டாக்டர் தேய்த்ததும் சரியானது. வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே போங்கள்.

மீனாட்சி: அப்புறம், பல்லுக்கு மேல் கேப் (உறை) போடச் சொன்னால் தள்ளிப்போடாதே. வலிதான் போயிற்றே என்று என் அண்ணன் விட்டுவிட்டார். முறுக்கு கடித்தபோது பல் இரண்டாகப் பிளந்தது, பிடுங்கவேண்டியதாயிற்று.