ஊராட்சி மன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம்: மனுவில் எதைக் கேட்பது?

தாமான்வாசி:
வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் மாநில அரசுக்கு மனு தயாரிக்கிறது. உள்ளூர் விவகாரத்தை உள்ளூரிலேயே முடிவு செய்யவிட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்று மட்டும் எழுதினால், "அது கூட்டரசு (மத்திய அரசு) விவகாரம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மாநிலமே தரக்கூடியது எது? பக்கத்துத் தோட்டத்து லயத்தையும் (தொழிலாளர் வரிசை வீடுகளையும்) சேர்க்கலாமா?

செம்மண் சாலை:
அந்தப் பதில் வரத்தான் செய்யும். பினாங்கு 2012-இல் ஊராட்சித் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976 ஊராட்சிச் சட்டத்தின் (சட்டம் 171) 15-ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலை நிறுத்திவைத்திருக்கிறது; அதுதான் வழியை அடைக்கிறது.

ஆனால் மன்ற உறுப்பினர் நியமனம் பற்றிய 10-ஆம் பிரிவு மாநிலத்தின் கையில் இருக்கிறது. 8 முதல் 24 உறுப்பினர்கள். பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள். ஒரு நியமனம் 3 ஆண்டுவரை போகலாம். ஆகவே வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர், சங்கங்கள் தரும் பெயர்ப்பட்டியலிலிருந்து, முழு 3 ஆண்டுக்கு என்று கேளுங்கள். ஓராண்டுக்கு மட்டும் நியமித்தால், வரவுசெலவுக் கணக்கு பிடிபடுவதற்குள் தவணை முடிந்துவிடும்.

23-ஆம் பிரிவையும் காட்டுங்கள். முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. குழுக் கூட்டம் அப்படியல்ல. கால்வாயும் உரிமமும் அலசப்படுவது குழுவில்தான். அதைத் திறக்கக் குழுவின் தீர்மானம் ஒன்றே போதும், சட்டத் திருத்தம் வேண்டாம். எனக்கு இதுதான் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும் என்று படுகிறது.

கிராணி வீட்டுப் பிள்ளை:
பணத்தை விட்டுவிட்டீர்களே அண்ணே! மன்றத்தின் ஆண்டு வரவுசெலவுக்கே மாநில ஒப்புதல் வேண்டும். சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மாரிஸ் (சாலைப் பதிவேட்டின்படி தரப்படும்) மானியமும் மாநிலத்தின் வழியாகத்தான் இறங்குகிறது. பதிவேட்டில் ஏறாத சாலைக்கு அதிலிருந்து காசு வராது. எனவே மனு எழுதுமுன் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலைகள் பதிவாகியுள்ளனவா என்று கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். பிறகு, மானியம் எந்தக் கணக்கில், எந்த மாதத்தில் இறங்கும் என்பதை மாநிலம் முன்கூட்டியே அறிவிக்கக் கோருங்கள். ஊருக்குள் ஓடும் கூட்டரசுச் சாலை 1-இல் விழும் குழியை இதில் சேர்க்காதீர்கள், அது பொதுப்பணித் துறையின் பொறுப்பு.

லயத்தைத் தனி மனுவாக எழுதுங்கள். தோட்டத்து வாயிலுக்கு உள்ளே தனியார் நிலம். தொழிலாளர் வீட்டுக்கு, வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் 446-இன்படி முதலாளிதான் பொறுப்பு, கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. இரண்டையும் கலந்தால் மனு இரு அலுவலகங்களுக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கும்.

செம்மண் சாலை:
தம்பி சொல்வது சரி. ஆனாலும் தேர்தல் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். நியமிக்கப்பட்டவரிடம் அதிகாரத்தைக் கூட்டினால், அவர் கணக்குச் சொல்வது நியமித்தவரிடம்தானே? மலேசியாவுடனான இந்தோனேசிய மோதலைக் காட்டி 1965-இல் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் 1966-இலேயே ஓய்ந்தது. நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968 அறிக்கையில் தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தது. அதைக் கடைசிப் பத்தியில் எழுதி, ஒரு நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். சட்டம் 171-ஐத் திருத்த வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான்.