கிட்டார் டேப்ல புல்-ஆஃப் அடிச்சா சத்தம் செத்துப்போகுது, பெண்ட் பாதியில நிக்குது. என்ன செய்ய?

குளச்சல் கொயர் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கோயில் கொயர்ல (பாடகர் குழு) கிட்டார்ல கார்டு (பல சுரம் சேர்ந்தது) பிடிச்சு வாசிக்கேன், அது ஓரளவு வருது. கிறிஸ்மஸுக்கு ஒரு சின்ன லீட் (ஒவ்வொரு சுரமா வாசிக்கிற பகுதி) வாசிக்கச் சொல்லி மாஸ்டர் டேப் பிரிண்ட் தந்திருக்காரு, ஆறு தந்திக்கு ஆறு கோடு போட்டு எண் எழுதின தாள். அதுல மூணு இடத்துல முட்டுது.

மேல இருக்க கோடு தடிச்ச தந்தியா, மெல்லிசா? மூணாவது தந்தியில 5, ஹேமர்-ஆன் (மீட்டாம விரலத் தட்டி வைக்கிறது) 7, புல்-ஆஃப் (விரல எடுத்துச் சத்தம் வரவைக்கிறது) 5னு வருது. ஹேமர் லேசா கேக்குது, திரும்பி 5-க்கு வரச்சில சத்தமே இல்ல. அடுத்து அதே தந்தியில 7, பெண்ட் (தந்திய ஓரமாத் தள்ளிச் சுரம் ஏத்துறது) 9. எவ்வளவு தள்ளினாலும் 8-ஐத் தாண்டல. என்னோடது அக்கூஸ்டிக் கிட்டார், 12 சைஸ் (தடிமன் அளவு) தந்தி. வீடு கடற்கரையில.

தக்கலை அண்ணன்:
தம்பி, மேல் கோடுதான் மெல்லிசு, அதாவது முதல் தந்தி. அடிக்கோடு தடிச்ச ஆறாவது. கிட்டார மடியில வச்சு மேலேருந்து குனிஞ்சு பாரு, தந்தி இதே வரிசையிலதான் தெரியும். எண் ஃப்ரெட்டைச் (கழுத்துல குறுக்க பதிச்ச கம்பி) சொல்லும், 0-ன்னா விரல் வைக்காம அடிக்கணும். ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்க எண்ணெல்லாம் ஒரே நேரத்துல.

இனி புல்-ஆஃப். நீ மோதிர விரல நேரா மேல தூக்குறன்னு நினைக்கேன். அப்படித் தூக்கினா தந்தி அசையவே செய்யாது. விரல் நுனியால தந்திய தரையப் பாத்து லேசா சுண்டிவிட்டு எடுக்கணும், அந்தச் சுண்டல்தான் சத்தம். அதுக்கு முன்னாடியே ஆட்காட்டி விரல் 5-ல அழுந்தி இருக்கணும். 7-ஐ விட்டப்பிறகு 5-ஐத் தேடினா தந்தி அடங்கிப்போகும். வலது கை முதல் 5-க்கு மட்டும் ஒரு தடவை மீட்டும், மீதி ரெண்டு சுரமும் இடது கைக்க வேலை. ஹேமருக்கு விரல் ஃப்ரெட் கம்பிய ஒட்டி, அதுக்குப் பின்னால விழணும். நடுவுல விழுந்தா மந்தமாத்தான் கேக்கும். பலத்த விட வேகம் முக்கியம்.

மார்த்தாண்டம் அக்கா:
பெண்டுக்கு நான் சொல்லுதேன். தம்பி கையில குறை இல்ல. எலக்ட்ரிக்ல மூணாவது தந்தி வெறும் கம்பி, அக்கூஸ்டிக் செட்ல அதே தந்தி சுத்துக்கம்பி. அதுவும் 12 சைஸ்ல ஒரு முழு சுரம் ஏத்துறது ரொம்பக் கஷ்டம். அந்த டேப் எலக்ட்ரிக்குக்கு எழுதினதா இருக்கும்.

இருந்தாலும் முறைய படிச்சுக்கோ. மோதிர விரல் 7-ல, நடுவிரலும் ஆட்காட்டியும் அதே தந்தியில அதுக்குப் பின்னால. மூணு விரலும் சேர்ந்து தள்ளணும், கட்டைவிரல் கழுத்துக்கு மேல பிடிமானமா நிக்கணும். விரல மடக்கித் தள்ளாம மணிக்கட்டத் திருப்பு. வீணையில தந்திய இழுத்துச் சுரம் ஏத்துறதும் இதே வித்தைதான், காதுதான் அளவு. சரியா ஏறிச்சான்னு பாக்க முதல் தந்திய வெறுமனே மீட்டு: மூணாவது தந்தி 9-ஆவது ஃப்ரெட்டும் அதுவும் ஒரே சுரம். ரெண்டும் ஒட்டினா பெண்ட் முடிஞ்சிட்டு.

கிறிஸ்மஸுக்கு அதுக்குள்ள வரலன்னா 7-லருந்து 9-க்கு ஸ்லைடு போ. விரல எடுக்காம அழுத்தினபடியே இழுத்துட்டுப் போகணும். பாட்டுக்கு ஒரு குறையும் வராது. பிறகு 10 சைஸ் செட் மாட்டிப் பாரு.

தக்கலை அண்ணன்:
ஆமா, கடற்கரை வீடுன்னதால இதையும் சொல்லுதேன். உப்புக்காத்துல தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச தந்தியில ஸ்லைடு கரகரன்னுதான் வரும். வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தந்திக்கு அடியிலயும் சேத்துத் துடை, உறையில வை. நம்ம ஊருல ரெண்டு பருவமழையும் உண்டுல்லா, ஈரத்துல மரம் ஊதினா தந்தி உயரும். 12-ஆவது ஃப்ரெட்டுல தடிச்ச தந்திக்கு அடியில இடைவெளி 2.5 மில்லிமீட்டருக்கு ரொம்ப மேல இருந்தா கடையில காட்டி இறக்கு. ஹேமர் பாதி அதுலயே சரியாகும்.

குளச்சல் கொயர் பையன்:
அண்ணே, சுண்டிவிட்டதும் 5 தெளிவாக் கேக்குது! அக்கா, ஸ்லைடே வச்சுக்கிடுதேன், மாஸ்டரும் சரின்னுட்டாரு. இன்னும் ரெண்டு சந்தேகம். டேப்ல எந்தச் சுரம் எவ்வளவு நேரம்னு எப்படித் தெரியும்? அடுத்த தாளக் கட்டத்து தொடக்கத்துல ஒரு 9 அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, அது எதுக்கு?

மார்த்தாண்டம் அக்கா:
வெறும் எண் மட்டும் இருக்க டேப்ல காலம் கிடையாது, எண்ணுக்கு நடுவுல விட்ட இடைவெளி ஒரு ஊகம் மட்டும். அதனால பாட்டக் கேக்காம டேப்ப மட்டும் நம்பாத. யூடியூப்ல வேகத்த 0.5 வச்சா சுதி மாறாம பாதி வேகத்துல ஓடும், கூடவே வாயால பாடிப் பழகு. வாயில வந்த பிறகு கை பைய வரும். ரெக்கார்டிங்கோட சுதி சேரலன்னா டேப்ல தலைப்புப் பக்கம் பாரு, கேப்போ (கழுத்துல எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டிருக்கும். அப்ப எண்ண கேப்போவிலருந்து எண்ணணும், 0-ங்கிறது கேப்போ நிக்க இடம்.

அடைப்புக்குள்ள 9 கட்டத் தொடக்கத்துல வந்தா பெரும்பாலும் முந்தின சுரம் இன்னும் நீளுதுன்னு அர்த்தம். திரும்ப மீட்டாண்டாம், விரல மட்டும் எடுத்திராத.