வான் டாம் பேசிய அந்த ஆறு நிமிஷம்

கொட்டகைவாசி:
‘ஜேசிவிடி’ (2008) படத்துல பெல்ஜிய அடிதடி நடிகர் வான் டாம், வான் டாமாவே வர்றார். அதுல அவர் கேமராவைப் பார்த்துப் பேசுறது வாய்க்கு வந்தபடி பேசினதுன்னு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதுமே எரிச்சல். தபால் ஆபீஸ் கொள்ளையில பணயக்கைதியா உக்காந்திருக்கிறவர் நாற்காலியோட மேல போறார். கேமராவும் கூடவே ஏறுது. செட் சுவரைத் தாண்டி ஷூட்டிங் லைட்டெல்லாம் தெரியுது. முகம் ஃபோகஸ்ல நிக்கணும்னா லென்ஸுக்கும் நாற்காலிக்கும் நடுவுல தூரம் மாறக் கூடாது. திரும்ப இறங்கி, கொள்ளை விட்ட இடத்துலயே தொடரணும். ஒத்திகை இல்லாம இது நடக்குமா?

பிரஸ்ஸல்ஸ் பாலு:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஏறி இறங்க ஒத்திகை பார்த்திருப்பாங்க. போதைப் பழக்கத்தையும் முறிஞ்ச கல்யாணங்களையும் சொல்லி அழுறதுக்கு எதுக்கு ஒத்திகை?

கொட்டகைவாசி:
35 மி.மீ. ஃபிலிம் 400 அடி ரோல், வினாடிக்கு 24 ஃபிரேம்ல 4 நிமிஷம் 26 வினாடிதான் ஓடும். வெட்டே இல்லாம ஆறு நிமிஷம் எடுக்கணும்னா 1000 அடி மேகசின், அதான் கேமராவுல ஃபிலிம் வைக்கிற பெட்டி, மாட்டணும். அது 11 நிமிஷம். எவ்வளவு பேசுவார்னு தெரியாம யாராவது கேமராவை ஓட விடுவாங்களா?

பிரஸ்ஸல்ஸ் பாலு:
11 நிமிஷம் கையில இருந்தா மனசு போனபடி பேசலாமே! உங்க கணக்கே எனக்குச் சாட்சி சொல்லுது.

அடிதடி அன்பு:
ரெண்டு பேரும் முதல் காட்சியை மறந்துட்டீங்க. துப்பாக்கி, தீ, கைச்சண்டை எல்லாம் ஒரே ஷாட். கடைசில செட் சுவர் சாயுது, மொத்தமும் பாழ். 47 வயசுல திரும்ப முதல்ல இருந்தான்னு மூச்சு வாங்கக் கேக்குறார் பாருங்க, அங்கதான் படம் இருக்கு. அப்புறம், ‘வேன் டேம்’னு எழுதுங்க. போஸ்டர்ல அப்படித்தான் போட்டான்.

கொட்டகைவாசி:
பிரெஞ்சுல ‘டாம்’தான். போஸ்டர்காரன் இலக்கணம் படிச்சவனா? சுவர் சாயுறதும் திட்டம் போட்டுச் சாய்ச்சது. அது மட்டும் திட்டம், பேச்சு மட்டும் தானா வந்துச்சாக்கும்!

பிரஸ்ஸல்ஸ் பாலு:
சுவரை ஆள் வச்சுச் சாய்க்கலாம். கண்ணீரை?

கொட்டகைவாசி:
கண்ணீரை வரவழைக்கிறதுக்குப் பேருதான் நடிப்பு. இருபது வருஷமா அந்த மனுஷனுக்கு உதைக்க மட்டுந்தான் தெரியும்னு சொன்னாங்க. இப்பதான் நடிச்சிருக்கார், அதையும் ‘நடிக்கல, தானா வந்துச்சு’ன்னு பிடுங்குறீங்க. போன மாசம் இன்னொரு அடிதடி நடிகர் சீகல் விஷயத்துலயும் இதே கூத்து. குடுமியை வெட்டச் சம்மதிச்சதால வான் டாமோட வாய்ப்பை சீகல் தட்டிட்டுப் போனார்னு படத்துல வர்றதை நிஜச் செய்தியா எழுதினீங்க.

பிரஸ்ஸல்ஸ் பாலு:
சீகலை ஏன் இழுக்குறீங்க? அதைத் திருத்தி ரெண்டு வாரம் ஆச்சு.

அடிதடி அன்பு:
திருத்தல. இன்னும் அப்படியேதான் இருக்கு.

பிரஸ்ஸல்ஸ் பாலு:
அன்பு, உங்களை யாரும் கேக்கல.

கொட்டகைவாசி:
நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. லைட் தெரியுற உயரத்துல போய் முகத்துல வெளிச்சம் குறையாம நிக்குது. மேல தனியா லைட் வச்சு, அளந்து, குறிச்சு வச்சாத்தான் அது வரும். அத்தனையும் அளந்தவன் பேச்சை மட்டும் அளக்காம விட்டானா?

பிரஸ்ஸல்ஸ் பாலு:
விட்டான். அதனாலதான் வாக்கியம் பாதியில நிக்குது, சொன்னதையே திரும்பச் சொல்றார்.

கொட்டகைவாசி:
பாதியில நிறுத்தறதையும் எழுதி வைக்கலாம். 400 அடிக் கணக்குக்கு முதல்ல பதில் சொல்லுங்க.